பின்னறைக்குப் போன ஜோடிக் கம்பி

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி வீட்டுக்குள் வந்து சேரும் இடம் அது. ஊரடங்குக் காலத்தில் இணையத்தின் வேகத்தைக் கூட்டுவதற்காக நான் அந்தப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து பின்னறைக்குப் போன கம்பியைக் கழற்றிவிட்டேன். வேகம் கூடியது, நன்றாகவே கூடியது. ஆனால் பின்னறையில் பக்கவாதம் வந்து படுத்திருந்த அம்மாவுக்கு, வெளிநாட்டில் இருந்த என் அக்காவின் குரலைக் கேட்க அந்தக் கம்பி ஒன்றுதான் வழியாக இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வீடு பாளையங்கோட்டையில். அப்பா கட்டியது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னறை, நடு அறை, சமையலறை, அதற்கும் பின்னால் ஓர் அறை. முன்னறையில் கத்தினால் பின்னறைக்குச் சத்தம் போகும், பேச்சு போகாது. அதனால்தான் அப்பா தொலைபேசி வாங்கிய காலத்திலேயே முன்னறைப் பெட்டியிலிருந்து இன்னொரு ஜோடிக் கம்பியைச் சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய்ப் பின்னறையில் இரண்டாவது போன் ஒன்று வைத்தார். பேரலல் போன் என்பார்கள். எண் ஒன்றுதான். மணி இரண்டு இடத்திலும் அடிக்கும். ஒரு இடத்தில் ஒருவர் பேசும்போது இன்னொரு இடத்தில் எடுத்தால் முழுப் பேச்சையும் கேட்கலாம். சின்ன வயதில் நானும் அக்காவும் அப்படி ஒட்டுக்கேட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். ஆகவே அந்தப் போனில் அப்படி ஒரு வசதி உண்டு என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கும் மனப்பாடமாகிவிடும் என்று அப்பா கேலி பண்ணுவார். ஊரடங்குக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சும் எழுத்தும் மொத்தமாக நின்றுவிட்டன. இடது கை மட்டும் வேலை செய்தது. புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்காமல் இருந்தது.

அக்கா குவைத்தில் நர்ஸ். அவளும் அவள் குடும்பமும் அங்கே. பக்கவாதம் வந்த புதிதில் ஒரு தடவை நான் செல்போனில் வீடியோ போட்டு அக்காவைக் காட்டினேன். அம்மா அக்காவைப் பார்த்ததும் இடது கையால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கோணிப்போன முகத்தை மகள் பார்க்கக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். இரண்டாவது தடவையும் அதேதான். அதோடு வீடியோவை விட்டுவிட்டோம். அக்கா வேலை முடிந்து வந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுப் போனுக்குப் பேசுவாள். எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எப்போதும் நொண்டியடிக்கும்.

பக்கவாதம் வந்து ஒரு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. ஏரலில் இருந்த என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி, இறந்துபோனார். அம்மாவிடம் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவர்களிடம் சாவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, வைத்தியத்தில் ஒரு பகுதி என்றே நினைப்பார்கள். நான் ஒருபடி மேலே போனேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, “ஏரல்ல இருந்து மாமா பேசினாருமா. ஒன்ன விசாரிச்சாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தலையாட்டுவாள். மாமாவை அடக்கம் பண்ணி மூன்று வாரம் ஆனபிறகும் நான் சொன்னேன், அவள் தலையாட்டினாள்.

பிறகு ஒருநாள் சபைப் போதகர் ஜெபம் பண்ண வந்தார். எங்கள் ஏற்பாடு அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, உடன்பிறந்தவரை இழந்து தவிக்கும் இந்தச் சகோதரிக்கு ஆறுதல் தாரும் என்று உருக்கமாக ஜெபித்துவிட்டார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டுவதில்லை. என் முகத்தை மட்டும் உற்றுப் பார்ப்பாள். டீச்சர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பொய் சொல்லும் பையனை.

இனி மனுஷர்கள் கொண்டுவரும் செய்தி வேண்டாம், தன் காதால் கேட்டால்தான் உண்டு என்று அன்றைக்கே அவள் முடிவு செய்திருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் அந்தப் பழைய போன் இருந்தது. மணி அடித்ததும் நான் முன்னறையில் எடுப்பேன். அவள் கொஞ்சம் பொறுத்திருந்து இடது கையால் அங்கே எடுப்பாள். எனக்கு இது தெரியவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் தெரியாமல் போனதற்கு வழியே இல்லை.

ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்று நடந்தது. அக்காவும் நானும் மருந்து, டாக்டர், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் சட்டென்று இறங்கிப்போகும். உடனே அக்கா, “கேக்குதா?” என்பாள். நான் “கேக்குது, சொல்லு” என்பேன். கம்பியில் டிக் என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், அக்காவின் பேச்சு திசைமாறிவிடும். இன்றைக்குச் சொதி வைத்தாள், தேங்காய்ப்பால் டின்னில் வருவதால் ருசி இல்லை. மகளுக்குத் தலையில் பேன், நர்ஸ் வீட்டிலேயே பேன். பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி கொடுத்த முருங்கைக்கீரையில் புழு. இப்படிக் கால் மணி நேரம். திருத்த வேண்டிய பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நான் “ம்” போட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை பெரிய நோய் உலகத்தில் நடக்கும்போது, அதுவும் அந்த நோயாளிகளின் நடுவில் வேலை பார்த்துக்கொண்டு, இவளுக்குச் சொதியைப் பற்றிப் பேச எப்படி மனசு வருகிறது என்று எரிச்சலாக இருக்கும். டிக் சத்தம் வந்தால் கம்பிக் கோளாறு என்று அதையும் திட்டுவேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஊரடங்கு வந்ததும் முன்னறை வகுப்பறை ஆனது. பின்னால் வெள்ளைப் பலகை, முன்னால் மடிக்கணினி. முதல் வாரத்திலேயே என் மானம் போயிற்று. சமன்பாட்டில் பாதியை எழுதிக்கொண்டிருக்கும்போது என் படம் அப்படியே நின்றுவிடும். வாயைப் பிளந்தபடி நான் நிற்கும் படத்தைப் பிள்ளைகள் எடுத்துப் பரப்பினார்கள். தாளாளர் கூப்பிட்டு, வகுப்பு ஒழுங்காகப் போகாதவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். என்ன யோசனை என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலப்பாளையத்தில் ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் இருந்தார். அப்பா காலத்திலிருந்து எங்கள் தெருக் கம்பங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்போது மேலப்பாளையத்தைத் தடுப்புப் போட்டு அடைத்திருந்தார்கள். அவர் வர முடியாது. செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக வாசலில் நின்று பேசினேன்.

“பெட்டியத் தொறந்து பாருங்க சார்வாள். எத்தனை கம்பி நிக்குது?”

“வெளிய இருந்து வர்றது ரெண்டு. அதே திருகாணியில இன்னும் ரெண்டு முறுக்கி வச்சிருக்கு. அது பின்னால ரூமுக்குப் போகுது அண்ணாச்சி.”

“அதான் கோளாறு. நெட்டுக்கு வார சிக்னல் பாதி அந்தப் பக்கம் போயி அலைஞ்சிட்டு வருது. பேசும்போது எப்படி இருக்கு லைனு?”

“பேசிக்கிட்டு இருக்கும்போதே குரல் எறங்கிப்போகுது. டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வேற.”

“குரல் எறங்குதுன்னா இன்னொரு போன யாரோ எடுக்காங்கன்னுல்லா அர்த்தம். பின்னால ரூம்ல யாரு இருக்கா?”

“அம்மாதான். அம்மாவுக்குத்தான் பேச்சே இல்லையே அண்ணாச்சி. பேசாதவங்களுக்குப் போன் எதுக்கு?”

இந்த வாக்கியத்தை நான் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். இன்றைக்கும் குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

“அப்போ அந்த ஜோடியக் கழட்டி டேப்பு சுத்தி உட்டுருங்க” என்றார் அவர். “ரெண்டும் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. மோடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன டப்பா இருக்குல்லா, அதுல போனுக்குன்னு இருக்க ஓட்டையில இந்த ஜோடியச் சேத்துட்டா நெட்டையும் தொடாது, போனும் வேலை செய்யும். அதுக்கு ஒரு ஜாக்கு வேணும். கடை தொறக்கட்டும், இன்ஷா அல்லா நானே வந்து மாட்டித் தாரேன்.”

ஐந்து நிமிட வேலை. திருகாணியைத் தளர்த்தினேன். பின்னறை ஜோடியை உருவினேன். நுனியில் பச்சை பிடித்திருந்தது. வெளியிலிருந்து வரும் கம்பியின் நுனியையும் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கி, மறுபடி மாட்டி முறுக்கினேன். உருவிய ஜோடிக்குக் கறுப்பு டேப் சுற்றி ஒரு ஓரமாக மடக்கி வைத்தேன். கணினியில் வேகத்தைச் சோதித்தால் முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். நான் சிரித்துவிட்டேன். சமையலறைக்கு ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். மறுநாள் வகுப்பில் நாற்பது முகங்களும் அசைந்தன. நான் போட்ட கோடு போட்டபடி நகர்ந்தது. தாளாளர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் போனும் தெளிவாகிவிட்டது. குரல் இறங்குவதில்லை, டிக் சத்தம் இல்லை. முதல் நாள் அவள் பேச்சின் நடுவில், “கேக்குதா?” என்றாள். “பிரமாதமா கேக்குது, லைன நானே சரி பண்ணிட்டேன்லா” என்றேன். “சரிலே” என்றாள் அவள். அடுத்த தடவையும் கேட்டாள். அதற்கடுத்த தடவை கேட்கவில்லை. சொதிப் பேச்சும் பேன் பேச்சும் நின்றன. மருந்து, டாக்டர், வைக்கிறேன். ஒருவழியாக இவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கம்பியைக் கழற்றி மூன்றாம் நாள் நான் பின்னறைக்குப் போனபோது அம்மா ரிசீவரைக் கையில் பிடித்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. “ஆமாமா, இது இனிமே வேலை செய்யாது. நெட்டுக்காகக் கழட்டி உட்டுட்டேன்” என்றேன். அவள் கையை எடுக்காமல் முக்காலியையே காட்டினாள். போன் இடைஞ்சலாக இருக்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வெந்நீர் பிளாஸ்கையும் மருந்து டப்பாவையும் வைத்தேன். சுத்தமாக இருந்தது. அம்மா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். சளி என்று நினைத்து நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி இருந்திருக்கும். உலகமே நோயில் கிடக்கிறது. மகள் அந்த நோயாளிகளின் நடுவில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் திடீரென்று மகளின் குரல் நிற்கிறது. வீட்டில் எத்தனையோ பொருள் இருக்க, மகன் நெட்டு என்று ஏதோ காரணம் சொல்லி அவளுடைய போனை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்ப் பரணில் போடுகிறான். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “அக்கா பேசினாமா. ஒன்ன விசாரிச்சா” என்கிறான். செத்துப்போன தம்பிக்குச் சொன்ன அதே வார்த்தை, நின்ற அதே இடம். இந்தத் தடவை நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது, இத்தனை செய்தும் இவள் நம்மை நம்பவில்லையே என்று.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை செல்போனை வாசலுக்குக் கொண்டுபோய் அக்காவைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டுவந்து அம்மா காதில் வைத்திருக்கலாம். தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் என்று பெயர்.

நான்காவது வாரம் அம்மா சுவரில் இருந்த அக்காவின் படத்தைக் காட்டினாள். நர்ஸ் உடுப்பில் எடுத்தது. பிறகு பீரோவைக் காட்டினாள். பீரோவைத் திறந்து ஒவ்வொரு சேலையாகத் தூக்கிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். கடைசியில் கீழ்த்தட்டில் அந்துருண்டை போட்டு மடித்திருந்த வெள்ளைச் சேலையைத் தொட்டதும் கையை நீட்டினாள். துக்க வீடுகளுக்குக் கட்டிப்போகவென்று அம்மாவிடம் இரண்டு வெள்ளைச் சேலை இருந்தன. படுக்கையில் விழுந்தபிறகு, இனி எந்தத் துக்க வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று அவற்றை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். தன் அடக்கத்துக்கென்று அவளே வாங்கி வைத்திருந்தது. எங்கள் சபையில் வயதான பெண்கள் அப்படி ஒன்று வாங்கி வைத்துவிடுவார்கள்.

சேலையை மடியில் வைத்தேன். அவள் அதைப் பைய விரித்து, ஒரு கையாலேயே தோளில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். கட்டிவிடு என்று எனக்குச் சைகை காட்டினாள். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“அடக்கத்துக்குக் கட்டுத சேலைய இப்பவே கட்டணுமா? நீ சாகணும்னா நாங்க கிடந்து பாடுபடுதோம்?” என்று கத்திவிட்டுச் சேலையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. ஒரு கைதான் என்றாலும் இழுத்துப் பிடித்தாள். நான்தான் ஜெயித்தேன். சேலையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், படத்தைப் பார்த்தபடி. “அக்கா நல்லா இருக்காமா. நேத்துகூடப் பேசினா, ஒன்ன விசாரிச்சா” என்றேன்.

அன்றைக்கு மறுநாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டை இடது கையால் தள்ளிவிட ஆரம்பித்தாள். கஞ்சி, பழச்சாறு, எதுவும் வேண்டாம். என் மனைவி மடியில் தலையை எடுத்து வைத்துக் கெஞ்சிப் பார்ப்பாள். அம்மா வாயை இறுக்கிக்கொள்வாள்.

இதற்கு நடுவில் மேலப்பாளையம் தடுப்பை எடுத்துவிட்டார்கள். சொன்னபடியே லைன்மேன் வந்தார். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, சட்டைப்பையிலிருந்து அந்த ஜாக்கை எடுத்துக் காட்டினார். “அந்த ஜோடிய மாட்டித் தந்துருதேன் சார்வாள். ரெண்டு நிமிச வேலை.” வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நன்றாக ஓடுவதைத் தொட்டுக் கெடுப்பானேன் என்று எனக்குத் தோன்றியது. “வேண்டாம் அண்ணாச்சி, சும்மா கிடக்கட்டும். யாரும் எடுக்கிறதில்ல” என்றேன். அவர் ஜாக்கை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, அம்மாவை விசாரித்துவிட்டுப் போனார்.

கம்பியைக் கழற்றி ஆறு வாரத்தில் அம்மா இறந்தாள். டாக்டர் இருதயம் என்றார். விமானம் இல்லாததால் அக்கா வர முடியவில்லை. முன்னறையில் வைத்து ஜெபம் நடந்தது. வெள்ளைப் பலகையை எடுத்துவிட்டு, மடிக்கணினியை ஒரு நாற்காலியில் வைத்து அக்காவுக்குக் காட்டினோம். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பாட்டு விட்டுவிட்டு வரவில்லை. போதகர் வாசித்த வசனம் ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா வெள்ளைச் சேலையில் கிடப்பதை, கோணிய முகத்தோடு, முதல்முறையாக அக்கா கண்கொட்டாமல் பார்த்தாள். மூடிக்கொள்ள அம்மாவுக்குக் கை இல்லை. எல்லாம் முடிந்தபிறகு அக்கா, “நல்லாத் தெளிவா தெரிஞ்சிதுலே. நீ பக்கத்துல கூட்டிட்டுப் போன மாதிரி இருந்திச்சி” என்றாள்.

நான்கு நாள் கழித்து வீட்டுப் போனில் கூப்பிட்டாள்.

“கடைசில அம்மாவுக்கு ரொம்ப முடியலையா? போன எடுக்கக்கூட முடியலையா?”

“எந்தப் போன?”

“பின்னால ரூம் போனத்தான். நீ பேசிக்கிட்டு இருக்கும்போது எடுத்துக் கேப்பால்லா. எனக்கு மூச்சுச் சத்தம் கேக்கும். நான் கேக்குதான்னு கேட்டா நகத்தால ரிசீவர்ல ஒரு தட்டு தட்டுவா. ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்? ஒரு ஆறு வாரமா மூச்சும் இல்ல, தட்டும் இல்ல. முடியலையோ, எம்மேல கோவமோ… ஒங்கிட்ட கேட்டா என்ன பதில் வருமோன்னு பயந்துட்டுக் கேக்காமலே இருந்துட்டேன்.”

முன்னறையில் நின்றபடியே அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து விழுந்தது. குரல் இறங்கியது, டிக் சத்தம், சொதி, நீட்டிய ரிசீவர். கடைசியாக வெள்ளைச் சேலை. தன் சாவுக்கு அவள் அதைக் கேட்கவில்லை. மகள் செத்துப்போனாள் என்று நினைத்து, துக்கத்துக்குக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாள். வேறு வெள்ளைச் சேலை வீட்டில் இல்லை.

“கடைசில முடியலக்கா” என்றேன்.

அடுத்த நாள் லைன்மேனிடம் கேட்டு அந்த ஜாக்கை வாங்கிவந்தேன். டேப்பைப் பிரித்து ஜோடியை மறுபடி மாட்டினேன். பரணிலிருந்து போனை எடுத்துத் துடைத்து முக்காலியில் வைத்தேன். அவர் சொன்னது சரிதான். பின்னறையில் டயல் சத்தம் வந்தது, இணையத்தின் வேகமும் துளிகூடக் குறையவில்லை. அக்கா வந்து பார்க்கும்போது எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தேன். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், தடயத்தை அழித்தேன்.

எட்டு மாதம் கழித்து விமானம் ஓட ஆரம்பித்ததும் அக்கா வந்தாள். நேராகப் பின்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். அவளுக்குக் கம்பி விஷயம் எதுவும் தெரியாது. “கடைசி வாரம் வரைக்கும் அத்தை சோத்துத் தட்ட இடது கையாலயே தள்ளிவிட்டாங்க மதினி. அவ்வளவு தெம்பு இருந்திச்சி அந்தக் கையில.”

அக்கா காப்பியைக் கீழே வைத்தாள். முக்காலியில் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் சத்தம் எனக்கே கேட்டது.

“போனும் நல்லாத்தான் இருக்கு. கையும் நல்லாத்தான் இருந்திருக்கு” என்றாள். “அப்போ அம்மாதான் எடுக்கல. அவளுக்கு ஒடம்பு சரியில்லாதப்போ நான் வந்து நிக்கலைன்னு கோவம். கோவத்தோடயே போயிட்டா, என்னலே?”

தடயத்தை அழித்ததில் நான் செய்த வேலை இதுதான். என் குற்றத்தை எடுத்து அம்மாவின் தலையில் வைத்திருந்தேன்.

“இல்லக்கா. அந்தக் கம்பிய நான்தான் கழட்டினேன். நெட்டு வேகமா வரணும்னு. அம்மா போய்ச் சேந்தப்புறம்தான் திருப்பி மாட்டினேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்போ அந்த ஆறு வாரமும் அம்மா என்ன நெனச்சிருப்பா?” என்றாள்.

“லைன் ரிப்பேர்னு சொல்லிவச்சிருந்தேன். நீ பேசினன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். தலையாட்டுவா.”

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கல்லறைக்குக் கூட்டிப் போ என்றாள். பூ வாங்கிக்கொண்டு போனோம். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் அம்மா. மண் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அதனால் கல் வைக்காமல் இருந்தோம். அக்கா பூவை வைத்துவிட்டுக் குனிந்தபடியே கேட்டாள்.

“வீடியோவுல பாத்தேன். அந்த வெள்ளைச் சேலை நல்லா இருந்திச்சி. அம்மா ஆசைப்பட்டு எடுத்ததுதானா?”

“ஆமாக்கா” என்றேன். “அம்மாவே கேட்டா.”